டெபியனில் உபுண்டு பிபிஏ வேண்டாம்

வணக்கம். டெபியன் 12 (புக்வார்ம்) லினக்ஸில் புது லிப்ரேஆபீஸுக்காக உபுண்டு 24.04 பிபிஏ (உபுண்டுவுக்கென்று தனியாக நடத்தப்படும் கூடுதல் மென்பொருள் களஞ்சியம், அதாவது ரெப்போ) சேர்த்தீர்கள், இப்போது லிப்சி (நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி நூலகம்) கேட்டு 'புரோக்கன் பேக்கேஜஸ்' என்று நிற்கிறது, அதுதானே? உபுண்டு 24.04-ல் லிப்சி 2.39, உங்களிடம் 2.36. அதற்காக லிப்சியையும் உபுண்டுவிலிருந்து இழுத்துவிடாதீர்கள், மொத்த சிஸ்டமும் அதன் மேல்தான் ஓடுகிறது.

முதலில் சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டரில் அந்த பிபிஏ கோப்பை நீக்கிவிட்டு ஆப்ட் (டெபியனின் பேக்கேஜ் நிறுவி) அப்டேட் கொடுங்கள். பிறகு நிறுவியவற்றின் பட்டியலை ஆப்டில் எடுத்துப் பாருங்கள். 'லோக்கல்' என்று குறி உள்ளவை எந்த ரெப்போவிலும் இல்லாதவை. பிபிஏ மிச்சம் அதில்தான் ஒளிந்திருக்கும். (நீங்களே டெப் கோப்பாகப் போட்டவையும் அதில் வரும், அவற்றை விடுங்கள்.)

புது லிப்ரேஆபீஸ் புக்வார்ம் பேக்போர்ட்ஸிலேயே (டெபியன் 12-க்காகவே கட்டப்பட்ட புதிய பதிப்புகளின் ரெப்போ) இருக்கிறது. பயப்படாமல் சேர்க்கலாம்: அதன் முன்னுரிமை 100, வழக்கமான ரெப்போவுக்கு 500. அதனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டதும் அதற்குத் தேவையானதும் மட்டுமே அங்கிருந்து வரும். அதுவும் பழசாகத் தோன்றினால் ஃபிளாட்ஹப் (தேவையான நூலகங்களோடு தனியாக வரும் செயலிகளின் களஞ்சியம்). இடம் நிறையப் பிடிக்கும், ஆனால் சிஸ்டத்தின் லிப்சியைத் தொடாது.

சிட் (டெபியனின் நிலையற்ற மேம்பாட்டுக் கிளை) ரெப்போவைச் சேர்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்காதீர்கள்.

'லோக்கல்' பட்டியல் நீளமாக இருந்தால் இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.