தகுதி பார்த்துத்தான் எடுக்கிறோம். பிறகு ஏன் இந்த இடைவெளி?

கேள்வி: நடுத்தர அளவிலான ஒரு நிறுவனத்தின் ஆட்சேர்ப்புக் குழுவில் இருக்கிறேன். எங்களிடம் பெண்கள் வேலை செய்கிறார்கள். சிறுபான்மை இனத்தவரும் இருக்கிறார்கள். ஆனால் சிறுபான்மை இனப் பெண் ஒருவர்கூட நேர்காணலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை என்று ஓர் ஊழியர் அண்மையில் சுட்டிக்காட்டினார். எங்களுக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது. இதைப் பாகுபாடு என்று சொல்ல முடியுமா? விண்ணப்பங்களில் பெயரை மறைத்துவிட்டால் போதுமா?

பதில்: உங்கள் ஊழியர் எண்ணிய முறைதான் சரி. பெண்கள் எத்தனை பேர் என்று ஒரு கணக்கும், சிறுபான்மை இனத்தவர் எத்தனை பேர் என்று இன்னொரு கணக்கும் போட்டால், முதல் கணக்கைப் பெரும்பான்மை இனப் பெண்களே நிரப்பிவிடலாம். இரண்டாவதைச் சிறுபான்மை இன ஆண்கள் நிரப்பிவிடலாம். இரண்டும் தேறிவிடும். இரண்டுக்கும் உரியவளான ஒருத்தி வெளியே நிற்பது எதிலும் தெரியாது.

இப்படி நீதிமன்றத்திலேயே நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன் அந்நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுத்ததில்லை. பிறகு மந்தநிலை வந்தபோது, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேற வேண்டும் என்ற பணி மூப்பு விதிப்படி ஆள்குறைப்பு நடந்தது. விதி எல்லோருக்கும் பொதுதான். ஆனால் 1970க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வேலை இழந்தார்கள். 1976 தீர்ப்பு என்ன சொன்னது? நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களை எடுத்திருக்கிறது, ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையினத்தவர். இனம் பற்றிய புகாரை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் இணைத்து ஒரே புகாராக வைக்க இடம் தரவில்லை. சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989ல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கை எடுத்துக்கொண்டுதான், இனமும் பாலினமும் ஒருவர் மீது சேர்ந்து விழும்போது தனித்தனியாகப் பார்க்கும் சட்டம் அவரைத் தவறவிட்டுவிடுகிறது என்று வாதிட்டார். உங்கள் குழு இன்று செய்வது 1976ல் அந்த நீதிமன்றம் செய்த அதே கூட்டல்.

வெறுப்பு இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் பாகுபாடு நடப்பதற்கு வெறுப்பு வேண்டியதில்லை. 1971ல் டியூக் பவர் நிறுவன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: வேலைக்குத் தொடர்பில்லாத படிப்புச் சான்றிதழும் தேர்வும் ஒரு பிரிவினரைப் பெருமளவில் வெளியே தள்ளுமானால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் அந்த நிபந்தனை செல்லாது. இதையொத்த கோட்பாடு இன்று பல நாடுகளின் சட்டங்களில் இருக்கிறது. ஆகவே 'எங்கள் மனதில் என்ன இருந்தது' என்று ஆராய்வதை விடுங்கள். எந்த நிபந்தனை யாரை வெளியே தள்ளுகிறது என்று பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: வர்க்கம். இனமும் பாலினமும் படிவத்தில் கட்டமாகவாவது இருக்கின்றன. வர்க்கத்துக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. லாரன் ரிவேராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 2016ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்களுக்குக் கற்பனை மாணவர்களின் விண்ணப்பங்களை அனுப்பினார்கள். மதிப்பெண், கல்லூரி, அனுபவம் எல்லாம் ஒன்றே. குடும்பப் பெயர், பொழுதுபோக்கு, பெற்ற உதவித்தொகை ஆகியவை மட்டும் மாறின. ஒருவருக்குப் பாய்மரப் படகும் போலோவும். இன்னொருவருக்குத் தடகளமும் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையும். மேல்தட்டு ஆணுக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு அழைப்பு வந்தது. கீழ்த்தட்டு ஆணுக்கு 1 விழுக்காடுதான். மேல்தட்டுப் பெண்ணுக்கு? 4 விழுக்காடு, கீழ்த்தட்டுப் பெண்ணைவிடவும் குறைவு. குடும்பத்துக்காக வேலையை விட்டுவிடுவாள் என்ற எண்ணமே அவளுடைய வசதிக்குக் குறுக்கே நின்றது. ஆணை ஏற்றிவிட்ட அதே படி பெண்ணுக்கு உதவவில்லை. இந்த அடையாளங்களின் பலனை வெறுமனே கூட்டிக் கழித்துக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி பெயரை மறைக்கும் யோசனை. பெயருக்கு எவ்வளவு விலை உண்டு என்பது தெரிந்ததே. பெர்ட்ரண்டும் முல்லைநாதனும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 விண்ணப்பங்கள் போயின. வெள்ளையினப் பெயர் இருந்தவற்றுக்குக் கறுப்பினப் பெயர் இருந்தவற்றைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் அழைப்பு. மறைத்தால் தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பிரான்ஸில் 2010–11ல் அரசு வேலைவாய்ப்புச் சேவை பெயரில்லா விண்ணப்பங்களைச் சோதித்தபோது, சிறுபான்மைப் பின்னணி கொண்டவர்களுக்கு வாய்ப்பு குறைந்தது. சோதனைக்கு முன்வந்தவை தாமாக விரும்பிச் சேர்ந்த நிறுவனங்கள். பெயர் தெரிந்தபோது, விண்ணப்பத்திலிருந்த குறைகளை அவை பின்னணியோடு சேர்த்து எடைபோட்டிருக்கலாம், பெயர் மறைந்ததும் குறை மட்டும் மிஞ்சியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அதோடு, உங்கள் இடைவெளி நேர்காணலில்தான் விழுகிறது. அங்கே முகத்தையும் குரலையும் எப்படி மறைப்பீர்கள்? செய்தால் தவறில்லை, ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தாகாது.

உங்கள் நோய் பெரும்பாலும் அளவுகோலில் இருக்கும். உல்மன், கோஹன் என்ற இருவர் 2005ல் வெளியிட்ட சோதனை இது. காவல்துறைத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்த ஆணையோ பெண்ணையோ மதிப்பிட வேண்டும்: சில விண்ணப்பதாரர்களுக்குக் கள அனுபவம், மற்றவர்களுக்குப் படிப்பு. ஆணுக்குப் படிப்பு இருந்தால், இந்தப் பதவிக்குப் படிப்பு முக்கியம் என்று மதிப்பீட்டாளர்கள், பெண்ணுக்குப் படிப்பு இருந்தபோது கொடுத்ததைவிட அதற்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். அவர்கள் தங்களை நடுநிலையாளர்கள் என்றே நம்பினார்கள் என்பதுதான் வேடிக்கை. ஆட்களைப் பார்ப்பதற்கு முன்பே எது முக்கியம் என்று முடிவெடுக்கச் செய்தபோது அந்தப் பாகுபாடு மறைந்தது.

ஆகவே அடுத்த காலியிடத்துக்கு, விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே நான்கைந்து அளவுகோல்களையும் அவற்றின் மதிப்பெண் எடையையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொருவரும் கலந்து பேசுவதற்கு முன் தனியாக மதிப்பெண் போட வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்துவிட்டால் மற்ற மதிப்பெண்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடும். 'நம்மோடு ஒத்துப்போவாரா' என்று யாராவது கேட்டால், எந்தச் செயலை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். செயல் எதையும் காட்ட முடியாவிட்டால் அது மதிப்பெண்ணில் சேரக்கூடாது. திருமணம், குழந்தை பற்றிய கேள்விகள் அறவே வேண்டாம்.

நிபந்தனைகளையும் ஒருமுறை சல்லடை போடுங்கள். சம்பளமில்லாப் பயிற்சியைக் கூடுதல் தகுதியாகக் கருதுகிறீர்களா? மாதக்கணக்கில் வருமானமின்றி இருக்க முடிந்தவருக்கே அது கிடைக்கும். ஊழியர்களின் சிபாரிசில் ஆள் எடுப்பதும் அப்படித்தான்: உள்ளே இருப்பவர்களைப் போன்றவர்களே பெரும்பாலும் வருவார்கள். காலியிடத்தைப் பொதுவில் அறிவியுங்கள். சிபாரிசு வந்தாலும் அவரும் அதே படிகளைத் தாண்டட்டும்.

எண்ணிக்கை எடுப்பதில் ஓர் எச்சரிக்கை. இனவிவரம் சேகரிப்பதற்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரான்ஸில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அனுமதி இருந்தால், விண்ணப்பதாரர் விரும்பினால் மட்டும் தரும் தனிப் படிவமாக வைத்து, தேர்வுக் குழுவின் கண்ணில் படாமல் பாதுகாக்க வேண்டும். விண்ணப்பம், முதற்கட்டத் தெரிவு, நேர்காணல், நியமனம் என ஒவ்வொரு படியிலும் இனத்தையும் பாலினத்தையும் குறுக்காக வைத்து எண்ணுங்கள். உங்களுடையது சிறிய எண்ணிக்கை. ஓராண்டுக் கணக்கை வைத்து எதையும் முடிவுகட்டாதீர்கள். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

குழுவில் இதை எப்படிப் பேசுவது என்ற தயக்கமும் இருக்கும். 'நாம் பாகுபாடு காட்டுகிறோம்' என்று தொடங்கினால், எல்லோரும் தங்கள் நற்குணத்துக்குச் சாட்சி சொல்வதிலேயே கூட்டம் முடிந்துவிடும். அட்டவணையை மேசையில் வையுங்கள். கடைசியாக நிராகரித்த சிலருடைய குறிப்புகளையும் உடன் வையுங்கள். எந்த அளவுகோலில் அவர்கள் தவறினார்கள், அந்த அளவுகோல் முன்பே எழுதப்பட்டிருந்ததா என்று மட்டும் கேளுங்கள். சுட்டிக்காட்டிய ஊழியரின் பெயரை அங்கே சொல்ல வேண்டாம்.