நேற்றாவது

கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒத்தக்கடையில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். தமிழில் வரும் புகார்களை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுப்பது என் வேலை. கடையில் கணக்குப் பார்க்கும் ஒருவர், முதலாளியின் மச்சினர் தன்னைச் சாடையாகப் பேசியதாக எழுதியிருந்தார். கடைப்பையனைப் பார்த்து, இவர் காதில் விழும்படி, 'ஏண்டா, நேத்தாவது கல்லா சரியா இருந்துச்சா?' என்றாராம். நான் 'இம்ப்ளைடு' என்று போட்டேன். சீனியர் அதை அடித்துவிட்டு 'இன்சினுவேட்டட்' என்று எழுதினார். எது சரி? இம்ப்ளைக்கும் இன்ஃபருக்கும் என்ன வித்தியாசம்? நல்ல அகராதி ஒன்றும் சொல்லுங்கள். இங்கிலீஷில் இதற்கு எத்தனை சொற்கள்! தமிழில் எல்லாவற்றுக்கும் 'மறைமுகமாகக் குறிப்பிட்டார்' ஒன்றுதானே இருக்கிறது?

ச., மதுரை

பதில்

அன்புள்ள ச.,

சீனியர் திருத்தியது சரி. இம்ப்ளை நிறமில்லாத சொல். நல்லதுக்கும் வரும், கெட்டதுக்கும் வரும். ஆள்கூட வேண்டாம், ஒரு கணக்குச் சிட்டையோ ஒரு மௌனமோ அந்த வேலையைச் செய்துவிடும். இன்சினுவேட்டுக்குப் பேசும் வாய் ஒன்று வேண்டும், பேச்சில் அழுக்கும் வேண்டும். 'அவர் நேர்மையானவர் என்று இன்சினுவேட் செய்தார்' என்று யாரும் எழுதுவதில்லை.

ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில் 'ஹி இன்சினுவேட்டட் மீ' என்று இருக்கிறதே, அது தப்பு. 'என்னைச் சாடையாகப் பேசினார்' என்பதில் உள்ள 'என்னை' அப்படியே இங்கிலீஷில் ஏறிக்கொண்டது. அந்த வினைக்குப் பின்னால் ஆள் வராது. 'தட்' போட்டு, என்ன பழி என்று முழுசாக எழுத வேண்டும்: 'ஹி இன்சினுவேட்டட் தட் ஐ வாஸ் டேக்கிங் மணி ஃப்ரம் தி டில்.' 'இன்சினுவேட் ஒன்செல்ஃப் இன்டு' என்று வரும்போது பொருளே வேறு: நைசாகப் பேசி ஒருவரிடம் ஒட்டிக்கொள்வது. மூல லத்தீனில் 'சினுஸ்' என்றால் ஆடையின் மடிப்பு, மடி. மெல்ல வளைந்து மடிக்குள் நுழைவதுதான் அந்தச் சொல்லின் பழைய உருவம்.

'சஜஸ்டட்' என்றும் போட்டுவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியிடம் போடுவதற்குத்தான் நம் கோர்ட்டுகளில் சஜஷன் என்று பேர். 'என்று சொன்னால் சரியல்ல' என்று முடியும் வரிகளை நீங்கள் தினமும் பார்க்கிறவர். 'இன்டிமேட்டட்' இன்னும் மோசம். குறிப்பாகச் சொல்வது என்ற பொருள் அதற்கு உண்டு. ஆனால் நம் ஆபீஸ்களில் இன்டிமேஷன் என்றால் நேரடித் தகவல். மச்சினர் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பேசினார் என்று ஆகிவிடும்.

இம்ப்ளை, இன்ஃபர் பற்றி: உணர்த்துவது, உணர்வது. அவ்வளவுதான். சொல்பவர் உணர்த்துகிறார், கேட்பவர் உணர்கிறார். அகராதிப் பேச்சு இப்போது வேண்டாம். மேசையில் இருப்பதை முதலில் தேயப் புரட்டுங்கள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதை எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரம் வைத்திருக்கிறது குறள். 71 அமைச்சனுக்கு, 110 காதலனுக்கு. 'மறைமுகமாகக் குறிப்பிட்டார்' செய்தித்தாள்காரர்கள் அவசரத்துக்குச் செய்துகொண்ட தொடர். உங்கள் வீட்டில் யாராவது அப்படிப் பேசுகிறார்களா? கோடி காட்டுவது வேறு, பொடி வைத்துப் பேசுவது வேறு. செய்த உதவியை எடுத்துச் சொன்னால் சொல்லிக்காட்டுவது. பழைய குறையைக் கிளறினால் குத்திக்காட்டுவது. எதிராளி வாயிலிருந்து விஷயத்தைக் கறக்க ஒன்றைச் சொல்லிவைத்தால் போட்டு வாங்குவது. இதெல்லாம் நீங்கள் பிறந்ததிலிருந்து காதில் விழுந்த சொற்கள் அம்மா. பேனாவை எடுத்ததும் ஏன் மறந்துபோகின்றன?

சாடையையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருத்தி கோழியை விரட்டுகிறாள்: 'அடுத்த வீட்டு அரிசியத் தின்னே பழகிப்போச்சு, சூ!' பேச்சு கோழியிடம், குறி பக்கத்து வீட்டுக்காரி மேல். அவள் காதில் விழாவிட்டால் அது சாடையே ஆகாது. இன்சினுவேட் நேர் எதிர்த் திசை. அங்கே கேட்பவர் மனதில்தான் விஷம் இறங்க வேண்டும், பழிக்கப்படுபவர் ஊரிலேயே இல்லாவிட்டாலும் சரி. உங்கள் மச்சினர் இரண்டையும் ஒரே மூச்சில் செய்திருக்கிறார். கணக்குப்பிள்ளைக்கு அது சாடை, பையன் மனதில் அது சந்தேகம். 'இன்சினுவேட்டட்' என்று மட்டும் எழுதினால் பாதி போய்விடும். யாரைப் பார்த்துச் சொன்னார், யார் காதில் விழும்படி சொன்னார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. நீங்களும் சீனியரும் வினைச்சொல்லுக்குச் சண்டை போடுகிறீர்கள். பழி இருப்பது 'ஆவது' என்ற இடைச்சொல்லில். மச்சினரின் வாக்கியத்தையே கூற்றாக்கிப் பாருங்கள்.

'நேத்து கல்லா சரியா இருந்துச்சு.' வெறும் தகவல்.

'நேத்தும் கல்லா சரியா இருந்துச்சு.' முந்தைய நாட்களுக்கும் சேர்த்து நற்சான்று. தொல்காப்பியம் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருளில் முதலாவதான எச்சம் இது. சொல்லாமல் விட்டதையும் கூட்டிவரும்.

'நேத்தாவது கல்லா சரியா இருந்துச்சு.' மற்ற நாளெல்லாம் கைவரிசை என்று ஆகிவிட்டது.

மூன்றெழுத்து. இங்கிலீஷ் பெரும்பாலும் குரல் அழுத்தத்தால் செய்வதைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறது. அழுத்தம் தாளில் ஏறாது, 'ஆவது' ஏறும். நுட்பமான சொல் இல்லை என்று நீங்கள் சொன்ன மொழியில்தான் இத்தனை இருக்கிறது. உங்கள் மொழிபெயர்ப்பில் 'வாஸ் தி கேஷ் கரெக்ட் எஸ்டர்டே' என்று இருக்கிறது. கடையில் யாரும் யாரையும் கேட்கக்கூடிய கேள்வியாக அதை ஆக்கிவிட்டீர்கள். 'எஸ்டர்டே, அட் லீஸ்ட்' என்று அந்த 'ஆவது' இங்கிலீஷிலும் நிற்க வேண்டும்.

சட்டத்துக்கு இது தெரியும். 1860ஆம் வருஷ இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: 'இசட் யோக்கியன், பி-யின் கடிகாரத்தை அவன் திருடவே இல்லை' என்று, திருடினான் என நம்பவைக்கும் நோக்கத்தோடு சொன்னால் அதுவும் அவதூறு. யார் திருடியது என்று கேட்டதற்குப் பதிலாக அவனை நோக்கி விரலை நீட்டிக் காட்டினாலும் அவதூறு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356.

ஆகவே புகாரைத் திருத்தும்போது மச்சினர் சொன்ன தமிழ் வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே மேற்கோளில் போடுங்கள். 'இருந்துச்சா' என்பதை 'இருந்ததா' என்று சுத்தப்படுத்தாதீர்கள். அடுத்த வரியில் மொழிபெயர்ப்பு. அதன் பொருள் தனி வாக்கியமாக வரட்டும். சொற்களையும் பொருளையும் ஒரே வரியில் கலந்தால், 'அப்படி நான் சொல்லவே இல்லை' என்று எதிர்த்தரப்பு எளிதாக நழுவிவிடும். பையன் கேட்டான் என்பதை விடாமல் எழுதுங்கள், கடையில் வேறு யார் நின்றார்கள் என்பதையும். பழிக்கப்பட்டவர் காதில் மட்டும் விழுந்த பேச்சு அவதூறாக நிற்காது. மூன்றாம் ஆள் ஒருவர் கேட்டிருக்க வேண்டும்.

பையனிடம் கேட்கும்போது நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம். 'என்ன சொன்னாரு?' என்று மட்டும் கேளுங்கள். அவன் வாயில் 'நேத்து' வருகிறதா, 'நேத்தாவது' வருகிறதா என்று இரண்டு முறை கேட்டுச் சரிபாருங்கள்.

அன்புடன்