ரஷ்யர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

ரஷ்யா என்றால் ‘ரிஷிகளின் நாடு’ என்று ஒரு செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். இது உண்மையா? இல்லையென்றால் அந்தப் பெயருக்கு என்னதான் பொருள்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

ரிஷிக்கும் ரஷ்யாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பெயரில் வரும் ‘ஷ்’ நம் உச்சரிப்பு. அவர்கள் நாட்டை ‘ரஸ்ஸீயா’ என்றும் தங்களை ‘ரூஸ்கி’ என்றும் சொல்கிறார்கள். மூலவடிவம் ‘ரூஸ்’.

ரூஸ் என்பது முதலில் படகுக்காரர்களின் பெயர். பால்டிக் கடலைத் தாண்டி, ஆறுகள் வழியே கருங்கடல் வரை போய் வணிகமும் கொள்ளையும் செய்த ஸ்காண்டிநேவியர்கள் அவர்கள். துடுப்பு வலித்தலைக் குறிக்கும் பழைய நார்ஸ் (அந்த ஸ்காண்டிநேவியர்களின் மொழி) சொல்லே இதன் வேர் என்பது பெரும்பாலான மொழியியலாளர்களின் கருத்து. பின்லாந்துக்காரர்கள் இன்றும் ஸ்வீடனைத்தான் ‘ருவோட்ஸி’ என்கிறார்கள்! 839இல் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசின் தூதர்களோடு பிராங்கியப் பேரரசர் லூயியிடம் வந்த சிலர் தங்களை ‘ரோஸ்’ என்று சொல்லிக்கொண்டார்கள். விசாரித்தால், ஸ்வீடியர்கள். ஒற்றர்களோ என்று சந்தேகப்பட்டு அவர்களை நிறுத்தி வைத்துவிட்டார் லூயி.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வேறு. பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன், தினீப்பர் ஆற்றில் படகுகள் தடுமாறும் பாறைச் சரிவுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ரூஸ் மொழியில் ஒரு பெயர், ரஷ்ய, உக்ரேனிய மொழிகளின் குடும்பமான ஸ்லாவிய மொழியில் ஒரு பெயர். ஒன்றுக்கு ரூஸ் பெயர் ‘வருஃபோரொஸ்’, ஸ்லாவியப் பெயர் ‘வுல்னிப்ராக்’. இரண்டையும் ‘அலைச் சரிவு’ என்றே அறிஞர்கள் படிக்கிறார்கள். பாறைமேல் பாய்ந்தோடும் ஆற்றுநீருக்கு ஸ்வீடன் மொழியில் இன்றும் ‘ஃபோர்ஸ்’ என்றுதான் பெயர். ரஷ்ய மொழியில் அலை ‘வல்னா’. ஒரே ஆற்றில் இரண்டு மொழிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

பிறகு அங்கே ஆட்சி செய்த ரூஸ்கள் உள்ளூர் ஸ்லாவியராகவே கரைந்தார்கள். இன்றைய உக்ரைனின் தலைநகரான கீவில் ஆண்ட இகோர், ஓல்கா என்பவை இங்வார், ஹெல்கா என்ற நார்ஸ் பெயர்களின் திரிபு. அவர்கள் மகனோ ஸ்வியாதஸ்லாவ், அசல் ஸ்லாவியப் பெயர். படகுக்காரர் பெயர் மண்ணுக்கும் மக்களுக்கும் நிலைத்துவிட்டது. 1749இல் ஜெர்மன் அறிஞர் மியூல்லர் இதைச் சொன்னபோது ரஷ்ய அறிஞர் லமனோசவ் கொதித்தெழுந்தார். அவருடைய தேசப்பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் சான்றுகள் மியூல்லர் பக்கமே நிற்கின்றன. பிரான்ஸின் பெயரும் ஜெர்மானியக் குடியான பிராங்குகள் தந்ததுதான். அதனால் பிரெஞ்சுக்காரர்களுக்கு என்ன குறைந்துவிட்டது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய ரூஸின் தலைநகர் கீவ். ‘ரஸ்ஸீயா’ என்பது அதே பெயரின் கிரேக்க வடிவம். பின்னாளில் மாஸ்கோ அரசு எடுத்துக்கொண்டது. 1721இல் முதலாம் பீட்டர் பேரரசுக்குச் சூட்டியதும் அதிலிருந்து வந்த பெயரையே. ரூஸ் என்றாலே ரஷ்யா என்று எழுதினால் உக்ரேனியர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

‘ரூஸ்கி’ என்பது இனம், மொழி சார்ந்த சொல். ‘ரஸ்ஸியானின்’ அந்நாட்டுக் குடிமகன். ரஷ்யாவின் கசான் நகரில் வாழும் தாத்தார் இனத்தவர் இரண்டாவது வகை, முதலாவது அல்ல. தமிழில் இரண்டுக்கும் ‘ரஷ்யர்’ என்றே போடுகிறோம். பின்னதை ‘ரஷ்யக் குடிமக்கள்’ என்று பிரித்து எழுதும்படி நம் மொழிபெயர்ப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.