நவம்பர் 9: ஜெர்மனியை விடாத ஒரு தேதி (கேள்வி பதில்)

கேள்வி: ஜெர்மனி வரலாற்றில் நவம்பர் 9 திரும்பத் திரும்ப வருகிறதே, ஐயா. எல்லாம் தற்செயலா?

பதில்: எல்லாவற்றையும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தேதியில் 1918இல் முடியாட்சி வீழ்ந்தது. 1923இல் மியூனிக்கில் ஹிட்லரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. 1938இல் யூதர்கள்மீது நாடு தழுவிய வன்முறை ஏவப்பட்டது. 1989இல் பெர்லின் சுவர் திறந்தது. இவற்றுள் 1923ஐயும் 1938ஐயும் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

கேள்வி: 1918இல் ஒரே நாளில் இரண்டு குடியரசுகள் அறிவிக்கப்பட்டன என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். பிற்பகல் 2 மணியளவில் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பிலிப் ஷைடமான் குடியரசை அறிவித்தார். அன்று மாலையே அரண்மனையிலிருந்து தீவிர இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்னெக்ட் சோசலிசக் குடியரசை அறிவித்தார். நிலைத்தது முதலாவது.

கேள்வி: 1923க்கும் 1938க்கும் அப்படி என்ன தொடர்பு?

பதில்: 1923 நவம்பர் 9 அன்று ஹிட்லரின் ஊர்வலத்தின்மீது காவல்துறை சுட்டபோது அவருடைய ஆட்கள் பலர் மாண்டனர். 1933இல் ஆட்சிக்கு வந்ததும் நாஜிகள் அவர்களைத் தியாகிகளாக்கி, ஆண்டுதோறும் அந்நாளில் மியூனிக்கில் கூடினர். 1938இலும் கட்சித் தலைவர்கள் அங்கே பழைய நகர மண்டபத்தில் விருந்தில் இருந்தபோதுதான், பாரிஸில் 17 வயது யூத இளைஞர் ஒருவரால் இரண்டு நாள்களுக்கு முன் சுடப்பட்ட எர்ன்ஸ்ட் ஃபாம் ராத் என்னும் ஜெர்மன் தூதரக அதிகாரி இறந்த செய்தி வந்தது. ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். பேச்சு முடிந்ததும் தலைவர்கள் யூதர்களைத் தாக்குமாறு தத்தம் பகுதிகளுக்குத் தொலைபேசியில் உத்தரவிட்டனர். வேறொரு மாலையாக இருந்திருந்தால் அத்தனை பேரும் ஒரே கூடத்தில் இருந்திருக்க மாட்டார்கள். ஒரே இரவில் நாடெங்கும் யூதத் தொழுகைக் கூடங்கள் எரிந்ததற்கு இதுவும் முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அதன் பிறகு, பாதிக்கப்பட்ட யூதர்கள்மீதே 100 கோடி மார்க் தண்டம் விதித்தார்கள் என்பதை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கேள்வி: சுவர் திறந்தது மட்டும் தற்செயலா?

பதில்: தேதியைப் பொறுத்தவரை, ஆம். கிழக்கு ஜெர்மனி மக்கள் மேற்கே செல்வதற்கான புதிய பயண விதிகள் மறுநாள்தான் வெளியாகவிருந்தன. அதை அறியாத கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களுள் ஒருவரான குன்டர் ஷபோவ்ஸ்கி, எப்போது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்டபோது, கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உடனடியாக" என்றார். மக்கள் எல்லைச் சாவடிகளில் திரண்டனர். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில் பொறுப்பிலிருந்த ஹரால்ட் யேகர், மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு கிடைக்காத நிலையில், இரவு 11:30 மணியளவில் தாமே முடிவெடுத்துத் தடையைத் திறக்கச் செய்தார். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

கேள்வி: பிறகு ஏன் ஒற்றுமை நாள் அக்டோபர் 3இல் கொண்டாடப்படுகிறது?

பதில்: 1990இல் கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் சட்டப்படி இணைந்த நாள் அது. நவம்பர் 9ஐயே தேசிய நாளாக்கலாம் என்ற பேச்சும் எழுந்ததுண்டு. ஆனால் தொழுகைக் கூடங்கள் எரிந்த நாளில் வாணவேடிக்கை விடுவது தகாது என்றே பலரும் கருதினர். அது சரியான முடிவு என்றே நானும் எண்ணுகிறேன்.