அமெரிக்க பேஸ்பாலில் ஐபிஎல் மாதிரி சம்பள உச்சவரம்பு ஏன் இல்லை? பணக்கார அணிதானே எப்போதும் ஜெயிக்கும்?

ஜப்பான் வீரர் ஷோஹே ஒட்டானிக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி 70 கோடி டாலர் எழுதிக் கொடுத்த செய்தியைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சென்னையில் இருக்கும் என் மச்சானும் இதையேதான் கேட்டான். அவனிடம் கத்தியதைவிடக் கொஞ்சம் மரியாதையாக இங்கே எழுதப் பார்க்கிறேன்.

உச்சவரம்பு இல்லை, ஒரு கோடு மட்டும் உண்டு. 2025-ல் அது 24.1 கோடி டாலர். அணியின் மொத்தச் சம்பளம் அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வரி. முதல் வருஷம் 20 சதவீதம், அடுத்த வருஷமும் தாண்டினால் 30, அதற்கப்புறம் 50. ரொம்பவே தாண்டினால் அதற்கு மேல் தனியாகக் கூடுதல் வரி. ஐபிஎல்லில் 2025-க்கான ஏலத்தில் ஒரு அணிக்கு 120 கோடி ரூபாய் என்றால் அவ்வளவுதான், முதலாளி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கை கட்டித்தான் உட்கார வேண்டும். இங்கே வரியைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். 1994-ல் முதலாளிகள் உச்சவரம்பு கேட்டார்கள். வீரர்கள் ஆகஸ்ட் 12-ல் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த வருஷம் சாம்பியனை முடிவு செய்யும் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

ஒட்டானி விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. 70 கோடியில் 68 கோடி, 2034-லிருந்து 2043 வரை வட்டியில்லாமல் கைக்கு வரும். இப்போது வருஷத்துக்கு 20 லட்சம் டாலர்தான். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைய மதிப்பு குறைவு, அதனால் வரிக் கணக்கில் அவர் சம்பளம் வருஷத்துக்கு சுமார் 4.6 கோடியாகத்தான் ஏறுகிறது. ஆட்டக்காரர் முதலாளிக்குக் கைமாற்று கொடுத்த கதை.

சரி, பணக்கார அணி ஜெயிக்குமா? டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டிலும் ஜெயித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 2023-ல் நியூயார்க் மெட்ஸ் வரி மட்டுமே 10 கோடி டாலருக்கு மேல் கட்டிவிட்டு 75 வெற்றி, 87 தோல்வி. ஹுவான் சோட்டோவை 15 வருஷத்துக்கு 76.5 கோடி கொடுத்து எடுத்த 2025-லும் பிளேஆஃபுக்குத் தகுதி பெறவில்லை.

என் வயிற்றெரிச்சல் மறுபக்கத்தில் செலவே செய்யாத அணிகள் மேல். நான் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் ரசிகன். ஃப்ரீமான்ட்டிலிருந்து பார்ட் ரயில் ஏறினால் கொலீசியம் ஸ்டேஷன், அங்கிருந்து நடைபாலம் வழியே நேரே மைதானம். மலிவு டிக்கெட் என்பதால்தான் முதலில் போனேன், மறைக்க என்ன இருக்கிறது. மகளுக்குப் பிறந்தநாளுக்கு எங்கள் வீரர் மேட் ஓல்சன் ஜெர்சி, 28-ம் நம்பர், வாங்கிக் கொடுத்தேன். 2022 மார்ச்சில் அவரை அட்லாண்டா அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாளே அட்லாண்டா அவருக்கு 8 வருஷத்துக்கு 16.8 கோடி கொடுத்தது. அதே வாரத்தில் எங்கள் இன்னொரு நல்ல வீரர் மேட் சாப்மனும் டொராண்டோவுக்குப் போனார். "அப்பா, நாம நல்லா விளையாடறவங்களை ஏன் கொடுத்துடறோம்?" என்று கேட்டாள். நானும் ஏதோ சொல்லி மழுப்பினேன்.

உண்மையான பதில் சர்வீஸ் கணக்கு. ஆறு வருஷம் முடித்தால்தான் ஒரு வீரர் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். முதல் மூன்று வருஷம் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளம், 2025-ல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று வருஷம் சம்பளம் ஒத்துவராவிட்டால் மத்தியஸ்தரிடம் வாதாடி வாங்க வேண்டும். விலை ஏறும் அந்தக் கட்டத்தில் ஓக்லண்ட் ஆளைத் தள்ளிவிடும்.

ஒரு சர்வீஸ் வருஷம் என்பது முதன்மை அணியில் 172 நாள். 2015-ல் சிகாகோ கப்ஸ், கிரிஸ் பிரையன்ட்டைத் தொடக்கத்தில் கீழ்நிலை லீகில் (மைனர் லீக்) உட்காரவைத்து ஏப்ரல் 17-ல்தான் மேலே கூப்பிட்டது. சீசன் முடிவில் அவர் கணக்கில் 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு, அதனால் விடுதலைக்கு ஒரு வருஷம் கூடுதல் காத்திருப்பு. புகார் கொடுத்தார், தோற்றார். "கோடீஸ்வரனுக்காக அழுகிறாயா" என்பீர்கள். நான் சேர்ந்த ஒரு கம்பெனியில் பங்குகள் கைக்கு வர ஒரு வருஷம் முடிய வேண்டும். பதினொன்றாவது மாதம் ஒரு வீடியோ கால், பதினைந்து நிமிஷம், மாலைக்குள் லேப்டாப் லாக். வேலை விசாவில் இருக்கிறவனுக்கு அடுத்த வேலை தேட அறுபது நாள் கெடு வேறு. அந்த 171 எனக்கு வெறும் எண்ணாகத் தெரியாது. போகட்டும், கேள்விக்கு வருகிறேன்.

ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கிறது. சின்ன ஊர் அணிகளுக்கு அதில் நல்ல லாபம். அந்தப் பணத்தை ஆட்டத்தில் போடவில்லை என்று 2018-ல் வீரர் சங்கம் ஓக்லண்ட் உட்பட நான்கு அணிகள் மேல் புகார் கொடுத்தது. மேலே கோடு போட்டவர்கள், இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்று கீழே ஒரு கோடு போடவில்லை. ஐபிஎல்லை உதாரணம் காட்டுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். (டாம்பா பே அணி குறைந்த செலவில் 2020-ல் வேர்ல்ட் சீரிஸ் ஆடியது எனக்கும் தெரியும். திறமை வேறு, கஞ்சத்தனம் வேறு.)

2023 ஜூன் 13 ராத்திரி நான் கொலீசியத்தில் இருந்தேன். முதலாளி அணியை லாஸ் வேகஸுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார் என்று ரசிகர்களுக்குக் கோபம். வழக்கமாக ஈயோட்டும் மைதானத்துக்கு 27,759 பேர், பச்சை டிஷர்ட்டில் 'விற்றுவிடு' என்ற ஒற்றை வார்த்தை. ஐந்தாவது இன்னிங்ஸில் முதல் ஆட்டக்காரர் மட்டையோடு நின்ற நேரம் முழுக்க மொத்தக் கூட்டமும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் யாரோ இருமியதுகூடக் கேட்டது. அப்புறம் எல்லாரும் ஒன்றாக, "அணியை விற்றுவிடு!" அன்று 2-1 என்று ஜெயித்தோம். அதே வாரம் நெவாடா மாநிலம் லாஸ் வேகஸ் மைதானத்துக்கு 38 கோடி டாலர் வரைக்கும் பொதுப்பணம் ஒதுக்கியது. சீசன் முடிவில் 50 வெற்றி, 112 தோல்வி. 2024 செப்டம்பர் 26-ல் கொலீசியத்தில் கடைசி ஆட்டம். இப்போது வேகஸ் மைதானம் தயாராகும் வரை மேற்கு சேக்ரமென்டோவில் ஒரு மைனர் லீக் மைதானத்தில் குடித்தனம்.

ஓக்லண்டை விட்டுப் போன கையோடு பந்துவீச்சாளர் லூயிஸ் செவெரினோவுக்கு 3 வருஷம், 6.7 கோடி. அதுவரை அணியின் வரலாற்றிலேயே அதுதான் பெரிய ஒப்பந்தம். மறுபடி சங்கத்தின் புகார் வந்துவிடுமோ என்ற பயம்தான் காரணம் என்று அப்போதே எழுதினார்கள். ஆக, நெருக்கினால் பணம் வெளியே வருகிறது.

கடைசியாக ஒன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லை. 'எல்லா ஆட்டமும் பார்க்கலாம்' என்று ஒரு ஒளிபரப்புச் சந்தாவுக்கு வருஷா வருஷம் அழுதேன். நான் அந்த ஊர்க்காரன் என்பதாலேயே எங்கள் அணியின் ஆட்டங்களை மட்டும் திரையில் மறைத்துவிடுவார்கள், உள்ளூர் சேனலுக்குத் தனியாகக் கட்டணும். இந்த வருஷம் கேன்சல் செய்ய மறந்து, கார்டிலிருந்து மறுபடி பணம் போய்விட்டது.