இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழகினால் போய்விடுமா? மீனையும் விட வேண்டுமா?

தயவுசெய்து வீட்டில் பழகிப் பார்க்காதீர்கள். "விட்டு விட்டுச் சாப்பிடுவதால்தான் இப்படி" என்று யாரோ ஒரு பெரியவர் உங்களிடம் சொல்லியிருப்பார். எனக்கு என் மாமியார் சொன்னார்.

31 வயது வரை இறால் சம்பல், நண்டுக் குழம்பு என்று சாப்பிட்டு வளர்ந்தவள் நான். ஒரு கல்யாண வீட்டில் திடீரென்று உடம்பெல்லாம் தடித்தது. வளர்ந்த பிறகும் இந்த அலர்ஜி வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். இறாலை நிறுத்தினேன். அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஆயர் ஈத்தாமில் பழ ரோஜாக். அன்னாசி, மாங்காய், செங்குவாங், வெறும் பழம்தானே? மேலே ஊற்றுகிற கறுப்புச் சாறு இறால் விழுதில் செய்தது. பினாங்கில் பிறந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் உள்ளங்கை அரித்தது. அப்புறம் வாந்தி, குரல் கம்மியது. வீட்டுக்காரர் அலர்ஜி மாத்திரை கொடுத்து, "கொஞ்சம் படு, சரியாகிவிடும்" என்றார். அரை மணி நேரம் அப்படியே போனது. அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது. அந்த மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். மூச்சு அடைப்பதையும் பிரஷர் இறங்குவதையும் நிறுத்தாது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் மூச்சு வந்தது. அடங்கினாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம் என்று இரவு முழுக்க வைத்திருந்தார்கள்.

பயமுறுத்துகிறேன் என்று யாராவது எழுதலாம். நான் டாக்டர் இல்லை, உதடு வீங்கிய எல்லாருக்கும் இப்படி ஆகும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சு முட்டினால் 999-ஐ (மலேசிய அவசர எண்) அழையுங்கள், எழுந்து நடக்காதீர்கள்.

நன்றாக வேகவைத்தால் போய்விடும் என்பதையும் நம்பாதீர்கள். இறாலில் உள்ள ட்ரோபோமையோசின் என்ற புரதம் சூட்டுக்கு அழியாது. பெலாச்சானும் இறால் விழுதுதான், நாசி லெமாக் சம்பலில் அது இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

புரட்டாசியில் சைவம் என்றால் தனிச் சட்டி எடுத்து வைக்கிற அதே உறவினர்கள், இறால் ஆகாது என்றால் "ஒரு துண்டுதானே" என்கிறார்கள்.

சரி, மீன். இறால், நண்டு ஒரு வகை, மீன் வேறு. மீன் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் பார்வால்புமின் என்ற வேறு புரதம். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போய்த் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் நான் கெம்போங் மீன் சாப்பிடுகிறேன், அதுவும் வீட்டில் பொரித்தது. கடையில் இறால் பொரித்த எண்ணெயிலேயே மீனையும் போடுவார்கள்.