விமானம் தரையில் மெதுவாக ஊரும்போதுகூட விமானிகள் வேறு பேச்சுப் பேசக்கூடாதாமே, தரையில்தானே இருக்கிறது, என்ன ஆபத்து?

கேட்டவர் சன்னலோரம் உட்கார்ந்து புல்தரையைப் பார்த்துக்கொண்டே, இந்த வேகத்துக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நினைத்திருப்பார் போலும். தப்பில்லை. ஆனால் 'தரையில்தானே' என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடம் நான் வேலை பார்த்தது அந்தத் தரையில்தான்.

நான் விமானி அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீனம்பாக்கத்தில் விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு கூடவே நடந்துவரும் ஆள். அப்பா துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டினார், நான் விமானத்துக்குக் காட்டினேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இதைத் 'தள்ளுவண்டி வேலை' என்பார்கள். 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்க வருபவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விதி பழையது. அமெரிக்காவில் 1981-லேயே வந்துவிட்டது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், தரையில் ஊரும்போதும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. 2006-இல் அதே நாட்டில், லெக்சிங்டன் நகரில், விடியுமுன் கிளம்பிய ஒரு சிறிய ஜெட்டின் விமானிகள் ஊர்ந்து போகும்போது ஊர்க்கதை பேசிக்கொண்டு போனார்கள். நீளமான ஓடுபாதைக்குப் பதிலாகக் குட்டையானதில் திரும்பி வேகமெடுத்தார்கள். 50 பேரில் 49 பேர் இறந்தார்கள்.

பேச வேண்டியதை அரைகுறையாகப் பேசுவது இன்னும் மோசம். 1977 மார்ச் 27, டெனெரீஃப் தீவு, மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. ஒன்று அதில் ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது, மற்றது மறுகோடியிலிருந்து புறப்படத் தொடங்கிவிட்டது. புறப்படத் தொடங்கிய விமானத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து வந்த 'ஓகே' தெளிவாகக் கேட்டது. அதையடுத்து வந்த 'காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்பது, அதே நொடியில் ஊர்ந்து வந்த விமானமும் பேசியதால் கீச்சொலியில் அமுங்கிப்போனது. இறந்தவர்கள் 583 பேர். ஓடுபாதைக்கு முன்னால் நில் என்று சொன்னால் 'சரி' என்ற பதில் இன்று செல்லாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சென்னையில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் 'ஓகே' கதை ஒரு போகி விடியற்காலையில் நடந்தது. போகியன்று சென்னையில் விமானங்கள் தாமதமாவது பேப்பர் படிப்பவர்களுக்குத் தெரியும். ஊரே கொளுத்திய புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதைமேல் படுத்துக்கொள்ளும். எங்கள் தெருப் பையன்கள் எரித்த டயர் நாற்றம் என் சட்டையிலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் தாமதமான ஏர்பஸ் 320. தள்ளி முடித்தாயிற்று, என்ஜின்கள் ஓடுகின்றன. 'பார்க்கிங் பிரேக் போடுங்கள்' என்று ஹெட்செட்டில் விமானியிடம் சொன்னேன். 'ஓகே' என்று வந்தது. 'பிரேக் செட்' என்றல்லவா வர வேண்டும்? மறுபடி கேட்டேன். 'ஓகே, ஓகே.' பின்னால் இன்னொருவர் யாரிடமோ தாமதத்தைப் பற்றிப் பேசுவது காதில் விழுந்தது. அந்த ரக விமானத்தில் முன்சக்கரக் காலில் ஒரு சின்ன விளக்கு உண்டு, பிரேக் போட்டால் எரியும். எரியவில்லை. விமானத்தையும் தள்ளும் வண்டியையும் இணைக்கும் கம்பியான டோ பாரைக் கழற்றும் பையன் அதற்குள் குனிந்து பூட்டில் கை வைத்துவிட்டான். கழற்றியிருந்தால் ஏறக்குறைய 70 டன் எடையைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை, எதிரில் நாங்கள் இருவர். அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டு, மூன்றாம் முறை குரலை உயர்த்தியே கேட்டேன். சத்தமே இல்லை. பிறகு விளக்கு எரிந்தது. அதற்குப் பின்தான் 'பிரேக் செட்'.

விமானியைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டு மணி நேரமாகக் காத்துக் கிடந்த மனிதர், ஒரு காதில் கோபுரம், ஒரு காதில் நான்.

மேலதிகாரி நான்கு நிமிடத் தாமதத்துக்கு என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். அதுகூடப் பரவாயில்லை. ஷிப்ட் முடிந்தவர்களைக் கொண்டுவிடும் கம்பெனி வேன் வேளச்சேரிக்காரர்களை, தாம்பரத்துக்காரர்களை வீட்டு வாசலில் இறக்கும். வடசென்னைக்காரர்களான எங்களைப் பாரிமுனையோடு சரி. 'அதற்கு மேல் ராத்திரியில் வண்டி போகாது' என்பார் ஓட்டுநர், ராயபுரத்தில் புலி உலாவுவதுபோல. துறைமுகத்துக்குள் நுழைய வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளை ஒட்டி எத்தனை நாள் நடந்திருக்கிறேன்! எங்கள் பக்கம், விம்கோ நகர் வரை, மெட்ரோ வந்தது 2021-இல், நான் வேலையை விட்ட பிறகு. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.

கேட்டவருக்கு ஒன்று. அடுத்த முறை சன்னலோரம் கிடைத்தால், டோ பாரைக் கழற்றியதும் கவனியுங்கள். ஓர் ஆள் பக்கவாட்டில் தள்ளி நின்று, சிவப்பு ரிப்பன் தொங்கும் ஒரு பின்னைத் தூக்கிக் காட்டுவார். தள்ளும்போது முன்சக்கரத்தை விமானி திருப்ப முடியாதபடி செருகிவைத்தது அந்தப் பின்னைத்தான். எடுத்தாயிற்று என்று விமானி கண்ணால் பார்த்த பிறகே விமானம் நகரும். தங்களுக்குத்தான் டாட்டா காட்டுகிறார் என்று நினைத்துப் பயணிகள் சிலர் கையசைப்பார்கள். நானும் திருப்பி அசைத்திருக்கிறேன்.